பத்து நாளில் பழகிவிடும்

அன்று காலையும் கதவு நிலை இடது பக்கம் சாய்ந்துதான் நின்றது.

சாவியைக் கையில் பிடித்தபடி அவள் அதையே பார்த்தாள். தலையை வலப்பக்கம் சரித்தால் நிலை நேரானது. தலையை நிமிர்த்தினால் மறுபடி சாய்ந்தது. மாடிப்படி இறங்கினால் கடைசிப் படி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, அரை விரல் கீழே போயிருந்தது. நெற்றியின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போல ஒரு வலி. இன்றோடு பதினோரு நாள்.

கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கண் பரிசோதனை செய்கிறவளுக்கு இதன் காரணம் தெரியாதா என்று கேட்டால், தெரியும் என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள். காரணம் பல்செட்காரர். இன்னும் சரியாகச் சொன்னால், அவர் கேட்ட கேள்வி.

பல்செட்காரரின் பட்டறை அவள் கடையிலிருந்து மூன்றாவது கட்டடத்தில், கீழ்த்தளத்தில் இருந்தது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, அவர் செயற்கைப் பல் செட் செய்து கொடுப்பார். ஐம்பத்தாறு வயது. மனைவி போய் ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு முன் கண் பரிசோதனைக்கு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று அவள் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிக் கேட்கும்போது எல்லோரும் பரீட்சை எழுதுகிறவர்களைப் போல அவசரமாக எதையாவது சொல்வார்கள். இவர் மட்டும், "முதல்ல காட்டினதை இன்னொரு தடவை காட்டுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அந்த நிதானம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்குத் தொடங்கிய நாலு மணி டீ இன்றுவரை நிற்கவில்லை. அவருக்கு அவள் 'டாக்டரம்மா', அவள் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும். அவரைக் கூப்பிடத்தான் அவளிடம் ஒரு சொல் இல்லை. 'சார்' என்றால் தூரமாக இருந்தது, 'என்னங்க' என்றால் ரொம்பக் கிட்டத்தில் வந்து நின்றது. இரண்டு வருடமாக "இதோ பாருங்க" என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "பட்டறைக்கு மேல இருக்கற வீடு காலியாகுது. ரெண்டு ரூம், நல்ல வெளிச்சம். நாம கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கிட்டு அங்க இருந்துடலாமான்னு தோணுச்சு. ஓனர் மாசக் கடைசி சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்கார். அதுவரைக்கும் நான் திரும்பக் கேக்கமாட்டேன்."

சொன்னபடியே அவர் திரும்பக் கேட்கவில்லை. அவள்தான் தூங்கவில்லை. நாலைந்து நாளில் தலைவலி வந்தது. சுவர்கள் சாய்ந்தன. நாளை மறுநாள் சனிக்கிழமை.

கடைக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தங்கையிடமிருந்து போன்.

"என்னக்கா, கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்னு முடிவு பண்ணிட்டியா, இல்லையா?"

"தலை வலிக்குதுடி."

"மாத்திரை போடு. கேட்டதுக்கு பதில் சொல்லு."

"அதான் பதில். எனக்கு முன்னாடி என் உடம்பு சொல்லுது, வேணாம்னு."

"அம்பத்தோரு வயசுல உடம்பு எல்லாத்தையும்தான் வேணாங்குது. மாடிப்படியைக்கூடத்தான் வேணாங்குது. அதுக்காக நீ வீட்டுக்குப் போகாம இருக்கியா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மதில்மேல் பூனை கூட ஒருநாள் ரெண்டுநாள்தான்க்கா உக்காரும். நீ அங்கயே குடித்தனம் பண்ற."

"முதல் தடவை எல்லாரும் சேர்ந்து பழகிடும், பழகிடும்னு சொல்லித்தானே அனுப்பினீங்க."

"அப்ப எனக்கு பதினெட்டு வயசுக்கா," என்றாள் தங்கை, குரல் இறங்கி. "நான் சொன்னேனான்னு ஞாபகமில்ல. சொல்லியிருந்தா தப்புதான்."

சண்டையே இல்லாத குடும்பம் என்று உறவெல்லாம் மெச்சிய பத்தொன்பது வருடம் அது. கணவருக்கு ஜன்னல் மூடியிருக்கவேண்டும், அவள் பழகிக்கொண்டாள். சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது, அதற்கும் பழகிக்கொண்டாள். மகள் விடுதிக்குப் போன பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, பேச எதுவுமே இல்லாமல், சத்தமில்லாமல் பிரிந்தார்கள். பிரிந்ததிலும் சண்டை இல்லை. தனி வீட்டுக்கு வந்த முதல் வாரம் பெயிண்டர், "சுவத்துக்கு என்ன கலரும்மா?" என்று கேட்டார். அவளுக்குப் பதில் வரவில்லை. கலர் அட்டையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். கடைசியில் பெயிண்டரே பாவப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். தனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோயிருந்த அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கு இப்போது பயம். பல்செட்காரர் நல்லவர். நல்லவரிடம் இன்னும் சீக்கிரம் பழகிக்கொண்டுவிடுவாளே.

ஆனால் மூன்றரை மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறாளே, அது என்ன? அதில்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கடையில் முதல் ஆளாக வந்த பெண், புதுக் கண்ணாடியில் தரை மேடுபள்ளமாகத் தெரிகிறது என்றாள். அவள் அந்தக் கண்ணாடியைக் கருவியில் வைத்து எண்களைச் சரிபார்த்தாள். சரியாகவே இருந்தன. "பத்து நாள் விடாம போடுங்க. பழகிடும்," என்றாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சொல்லும் வாக்கியம். அவள் தொழிலில் அது உண்மையும்கூட.

பதினொன்றரைக்கு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வந்தார். மூக்குத் தாங்கி தளர்ந்துவிட்டதாம். அவள் திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்:

"ஏம்மா, என் சிரிப்பைக் கொஞ்சம் பாரு."

அவர் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். போன வாரம் பல்செட்காரர் செய்து கொடுத்த மேல் செட்.

"நல்லாத்தானே இருக்கு சார்."

"என் வீட்டுக்காரி சாஞ்சிருக்குங்கறா. நாப்பது வருஷம் பிள்ளைங்களை வரிசையில நேரா நிக்க வெச்சவன். என் வாய்ல இருக்கறது பதினாலு பேரு. அவங்களை நேரா நிக்கவெக்க முடியலையேன்னு கேக்கறா."

இந்தப் பதினோரு நாளில் சாயாத பொருள் என்று எதையும் அவள் பார்க்கவில்லை. தன் பார்வையை நம்பி ஒருவர் வாய்க்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று நினைத்து, தான் போட்டிருந்த புதுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இழுப்பறையில் கிடந்த தன் பழைய கண்ணாடியைப் போட்டாள்.

பற்கள் சாய்ந்திருந்தன. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய கோடு மூக்குக்கு நேராக இல்லாமல் இடது பக்கம் சரிந்து, நல்ல மனிதரின் சிரிப்பை ஏதோ ஏமாற்றுக்காரன் சிரிப்பாக ஆக்கியிருந்தது. அதைவிட ஆச்சரியம், அவருக்குப் பின்னால் இருந்த அலமாரி நேராக நின்றது. கடைக் கதவு நேராக நின்றது. நெற்றியில் இருந்த கட்டைவிரல் மெல்ல எழுந்தது.

"அவர்கிட்ட சொன்னீங்களா சார்?"

"சொன்னேனே. பாத்துட்டு, நேராத்தானே சார் இருக்குன்னார். பாவம், கண்ணைக் கசக்கிக்கிட்டே இருந்தார். பத்து நாளா ஒரே தலைவலியாம் மனுஷனுக்கு."

தலைமை ஆசிரியர் போனதும் அவள் தன் புதுக் கண்ணாடியைக் கருவியில் வைத்தாள். திரையில் எண்கள் வந்தன. பவர், சாய்வு, சாய்வின் கோணம். பார்த்தவுடன் நன்றாகத் தெரிந்த எண்கள் என்று தோன்றியது. அடுத்த நொடியில் மறுபடி பார்த்தாள். அவள் கண்ணின் எண்ணைச் சீட்டைப் பார்க்காமல் அவளால் சொல்லமுடியாது. இந்த எண் மனப்பாடம். இது அவர் கண்ணின் எண்.

ஆர்டர் சீட்டுக் கட்டைப் புரட்டினாள். இரண்டு சீட்டும் அவள் கையெழுத்து. இரண்டு பேருக்கும் புதுக் கண்ணாடி வேண்டியிருந்ததால், அந்தக் கேள்வி வந்ததற்கு மறுநாள் காலையில், தூக்கமில்லாத கண்ணோடு எழுதியவை. அவர் பெயருக்குக் கீழே அவள் எண், அவள் பெயருக்குக் கீழே அவர் எண். அவருடைய கறுப்புச் சட்டத்தில் அவளுக்கான சில்லு, அவளுடைய அரக்கு நிறச் சட்டத்தில் அவருக்கான சில்லு. ஊரார் கண்ணாடியை எல்லாம் இரண்டு தடவை சரிபார்ப்பவள், இந்த இரண்டை மட்டும் நம்ம வீட்டு வேலைதானே என்று பார்க்காமல் உறையில் போட்டிருக்கிறாள். 'நம்ம வீடு' என்று அவள் மனது அப்போதே சொல்லியிருக்கிறது, அவளைக் கேட்காமல்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினோரு நாளாகத் தலைவலியை ஆதாரமாக வைத்துச் சேர்த்த 'வேண்டாம்' ஒரு நிமிடத்தில் காலுக்குக் கீழிருந்து நழுவிவிட்டது. சரி, அந்த இடத்தில் 'வேண்டும்' வந்து உட்கார்ந்ததா என்றால், அதுவும் இல்லை. வெறும் இடமாக இருந்தது. அந்த வெறும் இடத்தில் முதலில் வந்து உட்கார்ந்தது கோபம்தான். தினமும் நாலு மணிக்கு, "கண்ணாடி எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். தினமும் அவர், "அருமையா இருக்கு," என்றிருக்கிறார்.

நாலு மணி வரை அவளால் காத்திருக்க முடியவில்லை. கையில் அரக்குக் கண்ணாடியோடு பட்டறைக்கு நடந்தாள்.

பட்டறையில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகத் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தன. மெருகேற்றும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலுக்கு நேரே சுவரில் அவர் கையெழுத்தில் பெரிதாக ஓர் அட்டை: 'வலித்தால் சொல்லுங்கள். பழகிக்கொள்ளாதீர்கள்.' புது செட் போட்டவர்கள் ஈறு வலிக்கிறது என்று வந்தால் அவர், "எந்த இடம்?" என்று கேட்பார். நீலப் பென்சிலால் அந்த இடத்தில் புள்ளி வைத்து, கொஞ்சமாகத் தேய்த்து, "இப்ப?" என்பார். மறுபடி தேய்ப்பார், மறுபடி கேட்பார். அந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்துதான் மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. மணி பன்னெண்டுகூட ஆகலையே."

அவள் கிட்டே போய் அவர் மூக்கிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்தாள். அரக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். "இப்ப பாருங்க."

அவர் சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த தலைமை ஆசிரியரின் பல்வரிசையோடு வார்த்த பிளாஸ்டர் தாடையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பினார்.

"அடடா," என்றார். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தடவை, "அடடா."

"உங்க எண்ணை என் கண்ணாடிக்கும், என் எண்ணை உங்க கண்ணாடிக்கும் எழுதிட்டேன். தப்பு என்னுது. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். பதினோரு நாளா ஏன் சொல்லல?"

"நீங்கதானே சொல்லுவீங்க, பத்து நாள்ல பழகிடும்னு."

"பதினொண்ணு ஆயிடுச்சு."

"நாளைக்கு சொல்லலாம்னு இருந்தேன்."

"பொய்."

அவர் தாடையை மேஜையில் வைத்தார். "பொய்தான். நீங்க யோசிச்சுக்கிட்டு இருக்கீங்க. இந்த நேரத்துல போய் நீங்க குடுத்த கண்ணாடி சரியில்லன்னா, குறை சொல்ற ஆளுன்னு தோணிடுமோன்னு இருந்துச்சு. சனிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம்னு நினைச்சேன்."

"உங்க பல்லைக் கடிச்சு, இன்னொருத்தர் பல்லைக் கோணலாக்கிட்டீங்க."

அவர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். அவள் அட்டையைக் காட்டினாள். "ஊருக்குத்தான் உபதேசமா?"

அவர் திரும்பி அட்டையைப் பார்த்தார், யாரோ எழுதியதைப் பார்ப்பது போல. "என் வீட்டுக்காரி வயித்து வலியை எட்டு மாசம் பழகிக்கிட்டா. என்கிட்ட சொல்லி என்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னு. அவ போனப்புறம்தான் இதை எழுதினேன்." "எனக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கணும். தோணல," என்றார்.

அவள் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான் பத்தொன்பது வருஷம் பழகி நல்ல பேரு வாங்கினவ. இப்ப நீங்க என்கிட்ட நல்ல பேரு வாங்கப் பாக்கறீங்க. எனக்கு அது பயமா இருக்கு. சாப்பாட்டுல உப்பு இல்லன்னாகூட சொல்லமாட்டீங்க."

"உப்பு இல்லன்னா சொல்லுவேன்."

"மாட்டீங்க."

அவர் யோசித்தார். "போன திங்கட்கிழமை டீயில சர்க்கரை இல்ல," என்றார் தயங்கி.

"அப்பவே ஏன் சொல்லல?"

அவர் வரிசையாக இருந்த தாடைகளைப் பார்த்தார். அவையும் திறந்த வாயோடு அவரைப் பார்த்தன. அவள் தொடர்ந்தாள், தரையைப் பார்த்தபடி: "எனக்கும் தலைவலிதான். சுவரெல்லாம் சாஞ்சுது. நீங்க கேட்ட கேள்வியாலதான்னு நினைச்சேன். சனிக்கிழமை வேணாம்னு சொல்ல இருந்தேன்."

அவர் முகம் மாறியது. இயந்திரத்தை அணைத்தார். "இப்ப?"

"இப்ப தலைவலி இல்ல. பதிலும் இல்ல. ஒரே குழப்பமா இருக்கு."

"சரி," என்றார் அவர். முதல் நாள் கண் பரிசோதனையில் இருந்த அதே நிதானம்.

மாடியில் யாரோ ஜன்னல்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. காலி வீட்டை வீட்டு ஓனர் பெருக்குகிறார் போலிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள், தான் பேசப்போவது தனக்கே தெரியாமல் பேசினாள்:

"மேல எத்தனை ஜன்னல்?"

"அஞ்சு."

"அஞ்சும் திறந்தே இருக்கணும்."

அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "அஞ்சும் திறந்தா எனக்கு சளி பிடிக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவள் கேட்டதை அவர் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை. அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும், காது சிவந்திருந்தது.

"அப்போ நாலு," என்றாள்.

"நாலு சரி. படுக்கற ரூம்ல தலைமாட்டு ஜன்னல் மட்டும் மூடிக்கலாம்."

"சாப்பிடும்போது பேசணும்."

"வாய்ல சோறு இல்லாதப்ப."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெயிண்டர் கேட்டபோது வராத பதில்கள் இப்போது ஒவ்வொன்றாக எங்கிருந்து வருகின்றன என்று அவளுக்குப் புரியவில்லை. ஒருவர் மறுத்துப் பேசினால்தான் தனக்கு வேண்டியது தெரியுமா? அது நல்லதா கெட்டதா? யோசித்து முடிவதற்குள் வாய் அடுத்ததைச் சொல்லிவிட்டது.

"வீடு இப்ப எடுத்துக்கலாம். பதிவு அப்புறம்."

அவர் தலையாட்டத் தொடங்கினார். பாதியில் தலை நின்றது. மேஜையில் இருந்த நீலப் பென்சிலை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார்.

"அது வலிக்குது," என்றார்.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளிடம் இப்படி, சாதாரணமாக, ஒரு பொருளை எடுத்துக் கையில் கொடுப்பது போலச் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டுமா, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டுமா? பழைய பழக்கம் உள்ளே எழுந்து, 'சரி, நாளைக்கே பதிவு பண்ணிடலாம்,' என்று சொல்ல வந்தது. அவள் அதை மென்று விழுங்கினாள்.

"எந்த இடம்?" என்றாள்.

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "வீடு இப்பங்கறது வலிக்கல. பதிவு இப்ப இல்லங்கறதும் பரவாயில்ல. 'அப்புறம்'னீங்களே, அந்த இடம்தான். அதுக்கு முடிவே இல்லாத மாதிரி இருக்கு."

"ஆறு மாசம்," என்றாள். "ஆறு மாசம் கழிச்சு நானே பேச்செடுக்கறேன். அப்பவும் குழப்பமா இருந்தா, குழப்பமா இருக்குன்னே சொல்லுவேன். மறைக்கமாட்டேன். இப்ப?"

அவர் நாக்கால் பல்லைத் தடவிப் பார்க்கிறவரைப் போல உள்ளுக்குள் தேடினார். "இன்னும் லேசா உறுத்துது."

"உறுத்தலா, வலியா?"

"உறுத்தல்தான்."

"அது பழகிடும்," என்றாள் அவள். இந்த முறை அது உண்மையா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. "பழகலன்னா பதினோராவது நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க."

புதுச் சில்லுகள் வர மூன்று நாளாகும் என்று அவள் சொன்னாள். பழைய கண்ணாடிகள் இரண்டும் கீறல் விழுந்து மங்கியவை, அதுவரைக்கும் ஒருவர் சட்டத்தை இன்னொருவர் போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அவருடைய கறுப்புச் சட்டம் அவளுக்கு அகலம். மூக்கு நுனிவரை இறங்கியது. அவளுடைய அரக்குச் சட்டம் அவருக்குக் கன்னத்தை இறுக்கியது. ஓரத்தில் பூனைக்காது போலத் தூக்கி நின்றது. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் சிரித்து முடிக்கவே ஒரு மணி நேரமாகும்.

தங்கைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ பதினோரு நாளா ஒருத்தர் கண்ணால இன்னொருத்தர் பாத்திருக்கீங்க," என்றாள் தங்கை, உருகிப்போய்.

"பாத்ததுல தலைவலிதான் வந்துச்சு. அவங்கவங்க கண்ணால பாக்கறதுதான் நல்லது. வை போனை."

அதற்குள் அவர் வீட்டு ஓனரிடம் சொல்ல மாடிக்குப் போயிருந்தார். படிக்கட்டின் கீழே நின்றபடி அவள் மேலே காதைக் கொடுத்தாள்.

"என்ன சார், கண்ணாடி ஒரு மாதிரியா இருக்கே. யாருது?" இது ஓனர்.

அவர் தன்னை என்னவென்று சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். தெரிந்தவங்களுது, கண்ணாடிக் கடைக்காரம்மாவுது, வீட்டுல இருக்கறவங்களுது. எதைச் சொன்னாலும் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும்தான் இருக்கும்.

"கண்ணாடி என்னுதுதான் சார்," என்றார் அவர் நிதானமாக. "சட்டம்தான் அவங்களுது. கீழ நிக்கறாங்க, வருவாங்க."

வருவேன் என்று அவள் எப்போது சொன்னாள்? நினைத்துப் பார்த்தாள், சொன்னதாக ஞாபகமில்லை. மேலே போனதும் முதலில் இதைக் கேட்கவேண்டும். மூக்கு நுனியில் இறங்கிய கறுப்புக் கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஜன்னல் ஐந்துதானா என்று தானே எண்ணிப் பார்க்க அவள் படி ஏறினாள்.